இருபத்து மூன்றாம் எண் தாள்

தம்பி,

நேற்றுக் காலை ஜங்ஷனில் உன் வண்டி கிளம்பியபோது, நீ ஜன்னல் வழியாக, "வெயில்ல நிக்காதம்மா, வூட்டுக்குப் போ. மாத்திரைய மறந்துடாத" என்றாய். நான் தலையை ஆட்டினேன். சொல்ல வேண்டியது ஒன்றை அப்போதும் சொல்லவில்லை. வண்டி நிற்கிற சில நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயமா இது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். மூன்று வாரமாக நீ வீட்டில்தான் இருந்தாய். கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டு, நான் வைத்த இட்லியைக் கணக்கில்லாமல் சாப்பிட்டுக்கொண்டு, என் எதிரிலேயே இருந்தாய். முப்பது வருடத்துக்கு மேலாக வகுப்பை அதட்டி ஆண்ட என் வாய், பெற்ற பிள்ளை முன்னால் திறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அடிக்கத் தெரியாமல் இல்லை. அதில் அடித்தால் பாதியிலேயே "என்னம்மா ஆச்சு" என்று போன் பண்ணுவாய், உன் குரலைக் கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் காகிதம். முழுவதும் படி. படித்து முடிக்கும்வரை உன் ஆய்வேட்டை யாரிடமும் கொடுத்துவிடாதே. அதில் ஒரு அத்தியாயம் பொய். அந்தப் பொய்யைச் செய்தவள் நான்.

அந்தக் கேள்வித்தாள் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் தமிழானது என்பது உனக்கு நினைவிருக்கும். பதின்வயதுப் பிள்ளைகள் தங்களை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்திக்கொள்கிறார்கள் என்று அளப்பதற்காக எங்கோ யாரோ ஆங்கிலத்தில் எழுதியது. நீ முதலில் எழுதிக்கொண்டு வந்த தமிழைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் உனக்கு முகம் சுருங்கிவிட்டது. 'உடனடி இன்பங்களைத் தவிர்க்கும் ஆற்றல் என்னிடம் உண்டு' என்று எழுதியிருந்தாய். "இதப் படிச்சா ஒம்போதாவது புள்ள எழுந்து ஓடிப்பூடும்டா, வக்கீல் நோட்டீசு மாதிரி இருக்குது" என்றேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, 'பிடித்ததை இன்றைக்கு விட்டுவிட்டு நாளைக்காகக் காத்திருக்க என்னால் முடியும்' என்று ஆக்கினோம். ஒவ்வொரு வரியையும் நான் வாய்விட்டுப் படிப்பேன், நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். ஏழாவது வரிக்கு மட்டும் ஒரு சாயங்காலம் முழுவதும் ஆனது. 'மனம் கலங்கினால், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்வேன்.' அதற்கு எதிரே ஐந்து கட்டம்: எப்போதும், பெரும்பாலும், சில சமயம், அரிதாக, ஒருபோதும் இல்லை. மூலத்தைப் பார்க்காத உன் நண்பன் ஒருவன் நம் தமிழை மறுபடி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான். நீ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒன்னுகூட தப்பல" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை, பத்தாம் வகுப்பில் என் பாடத்தில் எல்லோரும் பாஸான வருடங்களில்கூட இருந்ததில்லை.

அடுத்த படியை நீதான் எனக்கு விளக்கினாய். வார்த்தை சரியாக இருந்தால் மட்டும் போதாது, தாளை நம்பலாமா என்று சோதிக்க வேண்டும் என்றாய். "ஒரே புள்ள ரெண்டு வாரம் கழிச்சு அதே தாள எழுதினா, ஏறக்குறைய அதே பதில்தாம்மா வரணும். வந்தாதான் தாளு நல்ல தாளு." எனக்கு உடனே உன் அப்பா நினைவு வந்தது. அவர் செராமிக் எஸ்டேட்டில் மின்கம்பத்துப் பீங்கான் செய்கிற கம்பெனியில் இருபது வருடம் பார்த்தது தட்டிப் பார்க்கிற வேலைதானே. சூளையிலிருந்து வந்த ஒவ்வொரு சாமானையும் சின்ன மரச்சுத்தியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். கணீர் என்றால் லாரிக்கு, டொக் என்றால் உடைசல் குவியலுக்கு. அனுப்புவதற்கு முன்னால் மறுபடி ஒரு தட்டு. "நேத்து கணீர்னு இருந்தது இன்னைக்கு டொக்குன்னா நடுவுல எங்கியோ அடிபட்டிருக்குதுன்னு அர்த்தம். அத வுட்டுட்டு காதுமேல பழிபோடக் கூடாது" என்பார். இதை உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். "அதேதாம்மா, ஆனா தலைகீழ். நாங்க சாமானத் தட்டிக் காதச் சோதிக்கிறோம்" என்றாய். நீ சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு விளையாட்டு விளையாடினாயே, அதையும் இங்கே சொல்ல வேண்டும். "எனக்குப் பதினஞ்சு வயசுன்னு வச்சுக்க. என்னப் பத்தி நீ எழுது, நானும் எழுதறேன், ஒத்துப்போவுதான்னு பாப்பம்" என்று இரண்டு தாள் எடுத்தாய். பதினைந்து வயது என்றால் உன் அப்பா போன வருடம். நான் யோசிக்கவே இல்லை. சாவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "என் புள்ள ஒரு சொட்டு கண்ணீர் விடல பாருங்க, என்னா பொறுமை, அவன்தான் என்னத் தாங்கறான்." பதினாறாம் நாள் முடிந்து மறுநாளே நீ பரீட்சைக்குப் போனாய். நானும் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அதனால் எல்லாக் கேள்விக்கும் 'எப்போதும்' என்றே போட்டுக்கொண்டு போனேன், ஏழாவதுக்கும் சேர்த்து. உன் தாளில் ஏழாவதுக்கு 'ஒருபோதும் இல்லை' என்று இருந்தது. மற்றதிலும் பாதிக்குமேல் நேர்மாறு. நீ இரண்டையும் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, பெத்தவங்க எழுதறத நம்பக் கூடாதுன்னு புக்லயே போட்டிருக்கு" என்று சிரித்துவிட்டு டீ போட எழுந்து போனாய். எனக்குச் சுருக்கென்றது. ஏன்டா அப்படிப் போட்டாய் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. இரண்டு தாளையும் மடித்து என் பாடக்குறிப்பு நோட்டுக்குள் வைத்துவிட்டேன்.

ஜூலை மாதம் என் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் முதல் தடவை எழுத வைத்தாய். பெற்றோர் கையெழுத்தெல்லாம் வாங்கி, ஹெச்.எம். அனுமதி வாங்கி, எல்லாம் முறையாகத்தான் செய்தாய். எனக்கு மூன்று கட்டளை போட்டாய். பிள்ளைகள் பெயர் எழுதக் கூடாது, குலுக்கிப் போட்ட எண்தான் எழுத வேண்டும். எழுதியதை அவர்களே கவருக்குள் போட வேண்டும். டீச்சர் பார்க்கக் கூடாது. முதல் கட்டளையை உனக்குத் தெரியாமல் அன்றைக்கே மீறிவிட்டேன். குலுக்குவது எதற்கு வெட்டி வேலை என்று வருகைப் பதிவேட்டு எண்ணையே எழுதச் சொல்லியிருந்தேன். மற்ற இரண்டும் நீ கூட இருந்ததால் நடந்தது. நீ பெஞ்சுக்குப் பெஞ்சு போய், "இதுல சரி தப்பு கிடையாது, உங்களுக்கு எப்படி இருக்குதோ அப்படிப் போடுங்க" என்று சொன்னபோது பிள்ளைகள் உன்னை அதிசயமாகப் பார்த்தார்கள். சரி தப்பு இல்லாத தாள் ஒன்றை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. நானும்தான் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து இரண்டாம் தடவை. உன் ஆய்வு வழிகாட்டி அம்மா திடீரென்று கூப்பிட்டதால் நீ சென்னைக்குப் போக வேண்டியதாயிற்று. "நீயே எழுத வச்சுடும்மா, கவர்ல போட்டு ஒட்டிடு, போதும்" என்றாய். முதல் தடவைத் தாள்கள் உன் அலமாரியில் இருந்தன. முந்தின நாள் மாலை நான் அவற்றை எடுத்தேன். பார்க்கத்தான் எடுத்தேன் என்றுதான் நினைத்தேன். தாள் என்று ஒன்று கையில் வந்தால் திருத்தாமல் இருக்க முடியாத கை இது, உனக்குத் தெரியும். மறுநாள் அவற்றை என் பையில் போட்டு வகுப்புக்கே கொண்டு போனேன். போனதும் பிள்ளைகளிடம் சொன்னேன்: "போன தடவ என்ன போட்டீங்களோ அதையே போடுங்க. மாத்திப் போட்டா அண்ணனுக்குத்தான் கஷ்டம்." நாற்பது பிள்ளைகளும் "சரிங்க டீச்சர்" என்றார்கள். பென்சில்தான் கொடுத்திருந்தேன். எழுதி முடித்ததைக் கவரில் போடவிடவில்லை, என் மேஜைக்கு வாங்கினேன். எண் வரிசைப்படி அடுக்கினேன். பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக் கண்ணை ஓட்டினேன். ரொம்ப மாறியிருந்த ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு, திரும்பப் பார்த்து எழுதச் சொன்னேன். தம்பி, முதல் தடவை எண்களும் இரண்டாம் தடவை எண்களும் ஒத்துப்போனால் என்ன விடை வரும் என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தேன். உனக்கு நல்ல விடை வர வேண்டும் என்று செய்தேன். என் வகுப்பு என் பிள்ளையைக் கைவிட்டது என்று வந்துவிடக் கூடாது என்றும் செய்தேன்.

கடைசியாகக் கூப்பிட்டது இருபத்து மூன்றாம் எண்ணை. பெயர் எழுதமாட்டேன், நீ பெயர் வேண்டாம் என்று சொன்னதையாவது இப்போது காப்பாற்றுகிறேன். ஒல்லியான பெண், அழுத்தி எழுதும், கணக்கில் கெட்டி. முதல் தாளில் எல்லாம் 'எப்போதும்', 'பெரும்பாலும்' என்று இருந்தது. இரண்டாம் தாளில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக 'ஒருபோதும் இல்லை'. விளையாட்டுக்குப் போட்டிருக்கிறாள் என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. "என்னாடி இது? பதினஞ்சு நாள்ல பொறுமையெல்லாம் எங்க போச்சு?" என்றேன். அவள் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "இப்ப இப்படித்தான் டீச்சர் இருக்குது" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று எழுதுவதற்குக் கை வரவில்லை, ஆனால் எழுதத்தான் வேண்டும். "ஒனக்கு எப்படி இருக்குதுன்னு இப்ப யாரு கேட்டா? போன தடவ போட்டதையே போடு" என்று சொல்லி என் ரப்பரை எடுத்து நானே அவள் கையில் கொடுத்தேன். பழைய தாளையும் பார்த்து எழுத வைத்தேன். அவள் நின்றுகொண்டே ஒவ்வொரு கட்டமாக அழித்தாள். ரப்பர்த் துகளை ஊதிவிட்டு, தாளைக் கொடுத்துவிட்டு, "போட்டேம்மா போன தடவ மாதிரியே" என்றாள். வாய் தவறி என்னை அம்மா என்றாள். பிள்ளைகள் அப்படிச் சொல்வது உண்டு, நான் அதற்கும் ஒரு தடவை முறைத்தேன்.

விடை நன்றாக வந்தது. நீ போனில் குதித்தாய். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் நீ கூடத்தில் உட்கார்ந்து வழிகாட்டி அம்மாவிடம் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் சந்தேகப்பட்டது என் காதில் விழுந்தது. "இவ்ளோ சுத்தமா வராதேப்பா. பிள்ளைங்கன்னா கொஞ்சமாவது மாறுவாங்களே" என்றார். நீ உடனே, "எங்கம்மா கிளாஸ் மேடம். அவங்க கிளாஸ்ல புள்ளைங்க ஒழுங்காதான் எழுதுவாங்க" என்றாய். நான் சமையலறையில் கடுகைத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு கருகிப் போயிற்று. அப்போதே வெளியே வந்து சொல்லியிருந்தால், வேறு ஒரு பள்ளிக்கூடத்தில் மறுபடி எழுத வைக்க உனக்கு நான்கு மாதம் இருந்திருக்கும். நான் ஜன்னலைத் திறந்து புகையை விரட்டினேன்.

அந்தப் பெண் செப்டம்பரில் பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு அவள் அம்மாவைத் தேடிப் போனேன். எஸ்டேட்டில் அகல்விளக்குக்கும் சின்னப் பொம்மைக்கும் பூச்சு முக்கி எடுக்கிற வேலை அந்த அம்மாவுக்கு. முழங்கை வரைக்கும் வெள்ளையாக, என்னைப் பார்த்ததும் கையைக் கழுவக்கூட மறந்து எழுந்து வந்தாள். "பெரியவ பிரசவத்துல போயிட்டா டீச்சர். ஆடி மாசம். புள்ள மட்டும் பொழச்சிக்கிச்சு. மாப்ள திட்டக்குடிப் பக்கம், டிராக்டர் ஓட்டறாரு. கைப்புள்ளைய வச்சிக்கினு அவுரு எங்க போவாரு? நான் இந்த வேலைய வுட்டா வூட்ல அடுப்பு எரியாது. அதான் சின்னவள அனுப்பிட்டோம். பதினெட்டு ஆவட்டும், அப்புறம் அங்கியே முடிச்சிடலாம்னு பேசியிருக்குது" என்றாள். அழவில்லை, சொல்லிக்கொண்டே போனாள். எந்தத் தேதி என்று கேட்டேன். அவள் விரல் விட்டுச் சொன்னாள். உன் முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் நடுவில். அந்த நடுவில் மூன்று நாள் லீவு போட்டவள், திரும்பி வந்து, "அக்கா வூட்டுக்குப் போனேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை, லீவு லெட்டர் எங்கே என்று கேட்டேன்.

ஹெச்.எம்.மிடம் சொன்னேன். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் விசாரிக்கப் போனார்கள். கல்யாணப் பேச்சே இல்லை, அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள், அவ்வளவுதான் என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டார்கள். விசாரிக்கப் போனவர்கள் பெண்ணையும் கேட்டார்கள். அவளும் அதையே சொன்னாள். முன்னால் சொல்லிக்கொடுத்ததையே சொல்வதற்கு அவளைப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி.

போன ஞாயிற்றுக்கிழமை சக டீச்சர் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேனே, அது பொய். பெண்ணாடம் வழியாகத் திட்டக்குடிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அந்த ஊருக்குப் போனேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தான். அவள் வாசலில் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பதினான்கு வயசுக் கால், குழந்தைக்குப் போதாத அகலம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் பக்கத்தில் ஒரு குடத்தைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து, குழந்தையின் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். துவட்டிப் பவுடர் போட்டுத் தூங்கவைத்தோம். பிறகு நான், "அக்கா செத்தத ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன். கேட்கும்போதே என் குரலில் அதட்டல்தான் இருந்தது, அது போகமாட்டேன் என்கிறது. அவள் கொஞ்ச நேரம் குழந்தையின் விரலைப் பிரித்துப் பிரித்து மூடினாள். "சொல்லணும்னுதான் டீச்சர் பாத்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. அன்னைக்கு அந்தத் தாளு குடுத்தீங்க. நீங்க எந்தத் தாளா இருந்தாலும் பாக்காம வுட மாட்டீங்கன்னு எங்க கிளாசுக்கே தெரியும். எல்லாம் கடைசிக் கட்டத்துல போட்டா கூப்புட்டு ஏன்னு கேப்பீங்கன்னு நெனைச்சேன்" என்றாள். குழந்தையின் கையை விட்டுவிட்டு, "கூப்புட்டீங்க டீச்சர்" என்றாள்.

அவள் என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். எனக்கு டீ வைத்துக் கொடுத்தாள், சர்க்கரை தூக்கலாக. திரும்பி வருகிற பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெண்ணாடம் வரைக்கும் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எந்த ஊர்ச் சாவு என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் நீ, "விருந்து எப்படிம்மா?" என்றாய். "நல்லா இருந்துச்சு, பாயசம்தான் திகட்டிப்போச்சு" என்றேன். பார், எனக்கு எவ்வளவு அடக்கம்! உன் கேள்வித்தாளை என்னிடம் கொடுத்திருந்தால் அன்றைக்கு முழு மார்க் வாங்கியிருப்பேன்.

புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் பெற்றவள், சும்மா இருக்க முடியாது. நீ நாளைக்கு எத்தனையோ பள்ளிக்கூடத்துக்கு இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போவாய். நல்ல தாள்தான் அது, நம் இரண்டு பேர் வேலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் மாதிரி ஒருத்தி ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இருப்பாள். நல்லவளாகத்தான் இருப்பாள். உனக்கு உதவத்தான் வருவாள். அவளை வகுப்புக்கு வெளியே உட்கார வை. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். எந்தப் பிள்ளையின் பதிலாவது தலைகீழாக மாறியிருந்தால், அதைத் தாளின் குறை என்று எழுதிக்கொள்வதற்கு முன்னால் அந்தப் பிள்ளையை யாராவது தனியாகக் கூப்பிட்டுப் பேசட்டும். உன் அப்பா தட்டிப் பார்த்தது பீங்கான். அதற்கே அவர் இரண்டாம் தடவை சத்தம் மாறினால் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எட்டாவதோடு படிப்பை விட்ட மனுஷன் அவர். எனக்குப் பட்டமும் இருக்கிறது, பட்டயமும் இருக்கிறது, அது தோன்றவில்லை.

இந்தக் கடிதத்தை உன் வழிகாட்டி அம்மாவிடம் காட்டு. ஒரு வரிகூட மறைக்காதே. அம்மா வயசானவள், தெரியாமல் செய்துவிட்டாள் என்று எனக்காகப் பேசாதே. ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று எனக்குத் தெரியும். வேலைக்கு வரச் சொன்ன இடம் காத்திருக்குமா என்றும் தெரியாது. அதற்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது. நான் ஹெச்.எம்.மிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன், ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, என்ன வந்தாலும் வரட்டும். அந்தப் பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் இன்னும் அடிக்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கணக்குப் புத்தகத்தோடு போகப்போகிறேன். மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் அவனுக்கும் சேர்த்துப் பாடம் நடத்துவேன். பள்ளிக்கூடம் திரும்புவாளா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. வருவாள் என்று எழுதினால் அதுவும் ஒரு அழித்தெழுதிய பதிலாகிவிடும்.

உன் பையில் நீலக் கவர் ஒன்று இருக்கிறது, இரண்டாம் தடவைத் தாள்கள். அதில் இருபத்து மூன்றாம் எண்ணை எடு. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். அவள் அழுத்தி எழுதுகிற பெண், ரப்பருக்கு அடியில் பென்சில் பதிந்த தடம் தெரியும். மேலிருந்து கீழ்வரை கடைசிக் கட்டம். அதுதான் அவள் பதில். அதைப் பதிந்துகொள்.

உன்னுடைய தாளை நான் பாடக்குறிப்பு நோட்டிலிருந்து எடுத்து முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பதினைந்து வயசு என்று நினைத்துக்கொண்டு நீ எழுதியது. ஏழாவதுக்கு ஒருபோதும் இல்லை. இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன், தம்பி. அப்பா போன அந்த வருடம் உனக்கு எப்படிடா இருந்தது? போனில் சொல்ல வேண்டாம். கோபம் ஆறியதும் வா. எதிரே உட்கார்ந்து சொல். நான் குறுக்கே பேசமாட்டேன், என் கையில் ரப்பரும் இருக்காது.

அம்மா